அம்புக்குறி இல்லாத கணினி

ஜூலை 8, திங்கள்

மதுரைக்குப் போய்வந்தேன். வீட்டுக்காரி உலகம்மையிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தேன். கண் டாக்டர் ஒரு கூண்டுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். பாதி நேரம் ஒரு புள்ளியும் வரவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின் பழுது என்று நினைத்தேன். மெஷினில் பழுது இல்லையாம்.

கண்ணுக்குள் அழுத்தம். ரெண்டு பக்கமும் ஓரப் பார்வை போய்விட்டது. போனது போனதுதான், திரும்பாது. நடுவில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத் தினமும் சாயங்காலம் சொட்டு மருந்து விட வேண்டும். "வீட்ல சொல்லிருங்க. வேலை பாக்கிற இடத்துலயும் சொல்லிருங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொல்லப் போவதில்லை. ரத்த வங்கியில் கொடையாளர் பதிவேடு பார்க்கிறவனுக்குக் கண் சரியில்லை என்றால் எவன் வைத்துக்கொள்வான்? ஐம்பத்திரண்டு வயதில் யார் வாசலில் போய் நிற்பது? நடுவில் நன்றாகத்தானே தெரிகிறது, பேப்பர் படிக்கிறேன், பஸ் போர்டு படிக்கிறேன். இதற்குப் போய் ஊரைக் கூட்டுவார்களா!

ஜூலை 10, புதன்

மத்தியானம் கரண்ட் ஏறி இறங்கியதில் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சர்வீஸ் பார்க்கும் மிக்கேல் வந்து பிரித்துப் போட்டுப் பார்த்தான்.

"படம் காட்டுத கார்டு அவுட்டு அண்ணாச்சி. புதுசு மதுரைலேர்ந்து வரணும். அதுவரைக்கும் கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்து மட்டுந்தான் வரும். கட்டளை அடிச்சுத்தான் வேலை வாங்கணும். மவுஸெல்லாம் செல்லாது. உங்களுக்கு ஒத்துவருமா?"

ஒத்துவருமாவாம்! 1994-ல் திருநெல்வேலி ஜங்ஷன் மாடியில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்தபோது மவுஸ் என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அடித்தால் பதில். ஜன்னலும் படமும் பொம்மையும் எல்லாம் பிறகு வந்த சொகுசு. மிக்கேல் பிறந்தே இருக்கமாட்டான்.

ஜூலை 11, வியாழன்

முப்பது வருஷம் கழித்தும் விரல் மறக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

இன்றிலிருந்து நாட்குறிப்பைக் கம்ப்யூட்டரிலேயே அடிக்கிறேன். நோட்டில் எழுதினால் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிவிடுகிறது. பேனா சரியில்லை.

கறுப்புத் திரையில் தமிழ் அடிக்க மிக்கேல் வழி செய்து கொடுத்தான். ஆனால் சவம், அடிக்கிற எழுத்து தமிழாகத் தெரியாது. உள்ளே தமிழ்தான் இருக்குமாம், திரையில் மட்டும் வெறும் கட்டம் கட்டமாக வரும். ஃபைலின் பெயரும் கட்டம், உள்ளே இருப்பதும் கட்டம். ஒருவகையில் நல்லதுதான். எனக்குப் பின்னால் யார் வந்து நின்று எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. எனக்கே புரியாது. பதிவேடு இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வைத்திருக்கிறேன். கட்டத்தை எவன் திறக்கப் போகிறான்?

உண்மையைச் சொன்னால் இந்தத் திரை சுகமாக இருக்கிறது. போன மாசமெல்லாம் மவுஸ் அம்பு எங்கே போய்த் தொலைந்தது என்று தேடித் தேடியே நேரம் போனது. ஆட்டு ஆட்டென்று ஆட்டினாலும் கண்ணில் படாது. இங்கே தேடவே வேண்டாம். அடிக்கிற இடம் இடது ஓரத்தில் கீழ்வரி, எப்போதும் அங்கேதான். பதிவேடு முழுக்க இங்கிலீஷ், அதனால் அதில் கட்டத் தொல்லை இல்லை. பதினோராயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற பதிவேட்டில் 'கிரெப்' என்று அடித்து, ரத்த வகையையும் ஊரையும் சொன்னால் போதும், அந்த வரிகளை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறது. முன்பு நாலு நிமிஷம் ஆன வேலை நாலு விநாடி. பக்கத்து மேஜை ஜெபமலர், எங்கள் லேப் டெக்னீஷியன், "என்ன அண்ணாச்சி, மந்திரமா போடுதீய?" என்றாள்.

நட்சத்திரக் குறி ஒன்று உண்டு. ஃபைல் பெயருக்குப் பதில் அதைப் போட்டால் 'இங்கே இருக்கிற எல்லாம்' என்று அர்த்தம். நீளப் பெயர் அடிக்கச் சோம்பல்பட்டால் அதைப் போட்டுவிடலாம். யோசிக்காமல் போட்டால் தொலைந்தோம் என்று அந்தக் காலத்து வாத்தியார் தலைபாடாக அடித்துக்கொள்வார்.

ஜூலை 16, செவ்வாய்

உலகம்மைக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாள். ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது. "இது என்ன கோலம்?" என்றேன். "டப்பால மிச்சம் கெடந்துது, காய்ஞ்சு போவும்லா" என்றாள். மிச்சம் கிடந்தால் இப்படியா?

இது போதாதென்று என் மொபெட் சாவியைக் காணோம். மூன்று நாளாகத் தேடுகிறேன். வைத்த இடத்தில் இல்லை. "பஸ்ஸுலதான் போங்களேன், ஒங்க மொபெட்டு எங்கயும் ஓடிறாது" என்று அவள் அசட்டையாகச் சொல்கிறாள். பஸ்ஸில் போகிறேன். பஸ் தேவலைதான். பாலத்தில் சைடில் வருகிற வண்டிகள் திடீர் திடீரென்று முளைப்பதில்லை.

ஜூலை 19, வெள்ளி

சொட்டு மருந்தை ஆபீஸில் தண்ணி பாட்டில் வைக்கிற ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஜெபா பார்த்துவிட்டாள். கண் எரிச்சல் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

இருபத்து நாலு வருஷமாக உலகம்மை சாப்பிடும்போது என் இடது பக்கத்தில்தான் உட்காருவாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, ரெண்டே தட்டு. பரிமாறிக்கொண்டே தானும் சாப்பிடுவாள், தெரு விஷயம் எல்லாம் சொல்லுவாள், தோளில் இடிப்பாள். ஒரு வாரமாக எதிரே போய் உட்காருகிறாள். முந்தாநாள் கேட்டுவிட்டேன். "ஏன், எதிர உக்காந்தா சோறு எறங்காதோ?" என்றாள்.

என்ன கோபமோ. நான் மறைக்கிறது ஏதாவது தெரிந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். தெரிந்திருந்தால் அவள் வாய் சும்மா இருக்குமா? வேறு ஏதோ இருக்கிறது. மேற்கொண்டு கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வேறெங்கும் சொல்ல முடியாது, இந்தக் கட்டத்துக்குள் சொல்லி வைக்கிறேன்.

ஜூலை 26, வெள்ளி

மதுரையிலிருந்து கார்டு வந்துவிட்டதென்று மிக்கேல் தூக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றேன். "இதுலயே வேலை வேகமா நடக்கு, கெடக்கட்டும்."

"அண்ணாச்சி, எல்லாரும் பழைய கணக்கா படம் வேணும்னு அழுவாவ. நீங்க ஒரு ஆளுதான் வேண்டாங்கீய." என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

டாக்டர் மைதீன், எங்கள் ரத்த வங்கிப் பொறுப்பாளர், ரவுண்ட்ஸ் வந்தபோது என்னவே இன்னும் ரிப்பேர் முடியலையா என்று கேட்டார். சாமான் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய் இப்போதெல்லாம் தொண்டையில் நிற்காமல் வருகிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

காலை பதினொன்றே காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏ நெகடிவ். எங்களிடம் இருந்த ஒரே பையைக் கொடுத்தாயிற்று, இன்னும் வேண்டும். தேடினேன், மூன்று வரி வந்தது. ஒருவர் சென்னைக்குப் போய்விட்டார். இன்னொருவர் மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறார். மூன்றாவது ஆள் வண்ணார்பேட்டை, கூப்பிடு தூரம். அவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்ப அடித்தேன். தென்காசி, நாகர்கோவில் என்று மற்ற வங்கிகளுக்கும் அடித்தேன். அங்கும் இல்லை. மறுபடி வண்ணார்பேட்டை. ஸ்விட்ச் ஆஃப்.

இருபத்தைந்து நிமிஷம்.

ஜெபா எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, என்ன பண்ணுதீய? அதே வரியில வலது கடைசியில புது நம்பர் கெடக்கே!"

கிடந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தால் கொட்டை எழுத்தில் கிடந்தது. போன வருஷம் என் கையால் நானே ஏற்றிய நம்பர்.

அவள்தான் அடித்தாள். முதல் ரிங்கிலேயே எடுத்தார். பத்து நிமிஷத்தில் பைக்கில் வந்து நின்றார், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே. எடுத்து, சோதித்து, ரத்தம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், குழந்தையும் நன்றாக இருக்கிறது என்று சாயங்காலம் போன் வந்தது. அந்தப் போன் வரும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

ஜெபாவிடம் ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்தது என்றேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. உலகம்மை சித்ரான்னம் கட்டிக் கொடுத்தாள். இறங்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஜெபா டீயைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே வைத்தாள். அப்போதுதான் உறைத்தது. ரெண்டு வாரமாக அவள் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் நேரே வைக்கிறாள்.

"எங்க சித்தப்பாக்கும் இதே மருந்துதான் அண்ணாச்சி. அதே பச்ச மூடி. எரிச்சலுக்கு விடுத மருந்து இல்ல அது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்கள காட்டிக் குடுக்க எனக்கு வாய் வராது. ஆனா அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு எதாச்சும் ஆயிருந்தா நான் எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போவேன்? அடுத்த திங்கக்கெழம வரைக்கும் பொறுக்கேன். நீங்களே டாக்டர்ட்ட சொல்லிருங்க."

எனக்குக் கோபம் வந்தது. இருபது வயது இளையவள் எனக்குக் கெடு வைப்பதா என்று சுள்ளென்று வந்தது. டீயைக் குடித்து முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது, பயம்தான் மிச்சம். வேலை போனால் போகிறது, என்னால் ஒரு உயிர் போயிருக்கும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மிக்கேலைக் கூப்பிட்டேன். வரியைத் தானாக வாசித்துச் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டேன். போன் பேசிக்கொண்டே வேலை பார்க்க வசதியாக இருக்கும் என்று ஒரு காரணமும் சொன்னேன். அவன் காரணத்தைக் காதில் வாங்கவே இல்லை.

"பாளையங்கோட்டையில பார்வையில்லாத வாத்தியார் ஒருத்தர் எங்கிட்ட கம்ப்யூட்டர் வாங்கிருக்காவ அண்ணாச்சி. ஸ்கிரீனே இல்லாம வேலை பாக்காவ. அவ்வொளுக்குப் போட்டுக் குடுத்ததத்தான் உங்களுக்கும் போடுதேன்." கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தானே, வாசிக்க வைப்பது சுலபமாம். படத்தை வாசிக்க வைப்பதுதான் பாடாம்.

ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் பேசியது. மூக்கடைத்தவன் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு கொடுக்கிற மாதிரி ஒரு குரல். இங்கிலீஷ் பெயர், நம்பர், தமிழ் எல்லாவற்றையும் ஒரே மூக்கால் வாசிக்கிறது. வண்ணார்பேட்டைக்காரர் வரியை வாசிக்கச் சொன்னேன். பெயர், வகை, ஊர், பழைய நம்பர், கடைசியில் புது நம்பர். ஒன்றை விடவில்லை. ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த ஒரே வரியை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியவில்லை. கண் ஈரமாகிவிட்டது. மருந்து விடுகிற நேரம்தான் என்று மிக்கேலிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 10, சனி

நடந்ததை நடந்தபடி அடிக்கிறேன்.

மத்தியானம் உலகம்மை சோற்று வாளியோடு ஆபீஸுக்கே வந்துவிட்டாள். காலையில் எடுக்க மறந்துபோனேன். ஜெபா ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். "மைனி, அண்ணாச்சியோட கம்ப்யூட்டர் பேசும் தெரியுமா?" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பெருமை. ஹெட்போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் விட்டேன். பதிவேட்டின் பெயர் நீளம். சோம்பல்பட்டேன். வாசிக்கச் சொல்லும் கட்டளையோடு நட்சத்திரத்தைப் போட்டு என்டரைத் தட்டினேன்.

முதலில் ரத்ததான முகாம் நடந்த ஊர்களின் சின்னப் பட்டியல் ஒன்று. "களக்காடு, சேரன்மாதேவி, முக்கூடல்" என்று வாசித்தது. உலகம்மை சிரித்தாள், "இதுக்கு சளி பிடிச்சிருக்கா?" என்றாள். பட்டியல் முடிந்தது. அடுத்த ஃபைலை எடுத்தது.

"ஜூலை பன்னிரண்டு. வெள்ளி. இன்றிலிருந்து நாட்குறிப்பைக் கம்ப்யூட்டரிலேயே அடிக்கிறேன்."

நிறுத்த ரெண்டு விசையைச் சேர்த்து அமுக்க வேண்டும். கையைக் கொண்டுபோனேன். அதற்குள் மணிக்கட்டை உலகம்மை பிடித்துவிட்டாள். தண்ணி வாளி தூக்கிப் பழகின கை, இறுக்கிப் பிடித்தாள்.

"வாசிக்கட்டும்" என்றாள்.

வாசித்தது. மவுஸ் அம்பைத் தேடியதை வாசித்தது. "உலகம்மைக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை" என்று அவள் முகத்துக்கு நேராகவே வாசித்தது. மஞ்சள் பெயின்ட்டை, சாவியை, சொட்டு மருந்தை, எல்லாவற்றையும் அதே மூக்கடைப்போடு, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜெபா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஜூலை இருபத்திரண்டு. திங்கள். இருபத்து நாலு வருஷமாக உலகம்மை சாப்பிடும்போது என் இடது பக்கத்தில்தான் உட்காருவாள்."

அது வாசித்து முடிக்கிறவரை அவள் என் மணிக்கட்டை விடவில்லை. பிறகு வாசிப்பு ஆகஸ்டுக்குப் போனது, பிரசவத்துப் பெண், இருபத்தைந்து நிமிஷம், ஜெபா வைத்த கெடு. எல்லாம் முடிந்து குரல் நின்றது.

"நான் வைகாசியிலயே கண்டுக்கிட்டேன்" என்றாள். "கதவு நிலையில ஒரே தோள மூணு தடவ இடிச்சீய. பக்கத்துல நின்னு காப்பிய நீட்டுனா காத்துல கைய வீசுனீய. மருதைக்கு ஆபீஸ் வேலையா போனவுகளுக்கு சட்டப் பையில கண்ணாஸ்பத்திரி சீட்டு என்னத்துக்கு? தொவைக்கும்போது எடுத்து நனையாம வச்சிருக்கேன். சாவியும் அரிசிப் பானையிலதான் கெடக்கு. ஒங்கள பாலத்துல லாரிக்குக் குடுக்க எனக்கு மனசில்ல."

"ஏன் கேக்கல?" என்றேன்.

"ஒங்க வாயால சொல்லுவீயன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நானா கேட்டா இல்லம்பீய. இல்லன்னு ஒரு தடவ சொல்லிட்டா அப்புறம் ஒங்களால எறங்கி வர முடியாது. ஒங்க கொணம் எனக்குத் தெரியாதா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எதிர உக்காந்தது கோவம்னு நெனச்சீயளா, கூறுகெட்ட மனுசா! பக்கத்துல உக்காந்தா நான் ஒங்களுக்குத் தெரியல. பேசுத பக்கமெல்லாம் தேடித் தேடித் திரும்புனீய. அதான் எதிர வந்து உக்காந்தேன்."

நான் அழுதேன். ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை, கதவுக்கு வெளியே ஜெபா நிற்கிறாள் என்றும் பார்க்கவில்லை. வாய்விட்டு அழுதேன். அவள் வாளியைத் திறந்து சோற்றைப் பிசைந்து என் கையில் உருட்டி வைத்தாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் முதல் வேலையாக டாக்டர் மைதீன் அறைக்குப் போனேன். உலகம்மை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கண்ணாஸ்பத்திரிச் சீட்டும் அவள் கையில். எல்லாவற்றையும் சொன்னேன், கார்டு விஷயத்தில் சொன்ன பொய், அந்த இருபத்தைந்து நிமிஷம், ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் கோபப்பட்டார். "ஒரு மாசமா மறைச்சிருக்கீரே, ஏதாவது ஆயிருந்தா ஆரு பதில் சொல்லுததுவே?" என்று சத்தம் போட்டார்.

எழுந்து என் மேஜைக்கு வந்தார். மானிட்டரின் சுவிட்சை அணைத்தார்.

"ஏ நெகடிவ், வண்ணார்பேட்டை. தேடும் பாப்போம்."

அடித்தேன். குரல் வாசித்தது. கடைசி நம்பர்வரை கேட்டு அவரிடம் திருப்பிச் சொன்னேன். வேறு வேறு வகை, வேறு வேறு ஊர் என்று ஒன்பது தேட வைத்தார். ஜெபா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் நோட்டில் சரிபார்த்தாள். ஒன்பதும் சரி.

பைகளுக்கு லேபிள் ஒட்டுவது, ஃபிரிட்ஜில் அடுக்குவது இனி என் வேலை இல்லை. அது ஜெபாவுக்குப் போகிறது. முகாம்களுக்கு அலைவதும் கிடையாது. போனும் பதிவேடும் எனக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண் ரிப்போர்ட்டை அவர் மேஜையில் வைக்க வேண்டும். ரிப்போர்ட் மோசமானால் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும், அதையும் முகத்துக்கு நேராகவே சொன்னார். மானிட்டரை மறுபடி போட்டுவிட்டுப் போகும்போது, "பொய் சொல்லாம வேலை பாரும்வே" என்றார்.

நடுவில் இருப்பது எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மருந்து பாட்டில் இப்போது வீட்டு ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கு அவளே விட்டுவிட்டாள், ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். தட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல எதிரே போகப் பார்த்தாள். பக்கத்திலேயே உட்கார் என்றேன்.

"தெரியமாட்டேனே?"

"தெரியாட்டா போவுது" என்றேன். "தோள் இடிக்கும்லா."